செவி வழி வந்த இலக்கியம்: கி. ராஜநாராயணனின் எழுத்து வாழ்க்கை

தமிழின் பெரிய உரைநடைக் கலைஞர்களில் பலர் இருபது வயதிலேயே எழுதத் தொடங்கிவிட்டவர்கள். புதுமைப்பித்தன் தன் வாழ்நாள் சாதனை முழுவதையும் முடித்துக்கொண்டு 42 வயதில் மறைந்தார். இடைசெவல் கி. ராஜநாராயணனுக்கோ முதல் கதை அச்சேறும்போது முப்பத்தைந்து வயது கடந்திருந்தது. அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரை. ‘மாயமான்’ என்ற அந்தக் கதை விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ இதழில் 1958இல் வெளிவந்தது. கிணறு வெட்டக் கடன் கிடைக்கும் என்ற அரசாங்கச் செய்தியை நம்பி நொடித்துப்போகும் ஒரு சம்சாரியின், அதாவது விவசாயியின், கதை அது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார். 2021 மே 17 அன்று புதுச்சேரியில் தன் 98ஆம் வயதில் காலமானபோது தமிழ்நாடு அரசு முழு மரியாதையோடு அவர் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து இறுதிச் சடங்கு செய்தது.

எழுதத் தொடங்குவதற்கு முந்தைய அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால்தான் அவருடைய எழுத்தின் ஊற்று தெரியும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டிமார் சொன்ன கதைகளை, கிடை போடும் கோனார்களின் பேச்சை, களத்துமேட்டு வம்பை, கர்நாடக இசையை, கட்சிக் கூட்டத்து வாதங்களை. கி.ரா.வின் நாவல்கள், சிறுகதைகள், வட்டார வழக்கு அகராதி, நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகள் ஆகியவற்றைத் தனித்தனிச் சாதனைகளாகப் பட்டியலிடுவது வழக்கம். அவை அனைத்தும் ஒரே வேலையின் பல பகுதிகள் என்பது இக்கட்டுரையின் வாதம். எழுத்துக்குள் வராமலே அழிந்துகொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பேச்சறிவைத் தமிழ் எழுத்துக்குள் குடியேற்றுவதே அந்த வேலை.

மண்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் இருக்கிறது இடைசெவல். கி.ரா. பிறந்தபோது திருநெல்வேலி மாவட்டம். 1986க்குப் பிறகு இன்றைய தூத்துக்குடி மாவட்டம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சங்கரன்கோவில் எனப் பரந்து கிடக்கும் கரிசல் பூமியின் நடுவில் உள்ள ஊர்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பிப் பசையாக ஒட்டும். காய்ந்தால் ஆளின் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைச் சுற்றிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அந்த மழையை மண் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பியே பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் எல்லாம் விளைந்தாக வேண்டும். மானாவாரி விவசாயத்தின் இந்த நிச்சயமின்மையை ஆராயத்தான் 1901இலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

இப்படிப்பட்ட நிலத்தில் விவசாயம் என்பது முழுக்க அனுபவ அறிவு. எந்த மேகம் பெய்யும், எது ஏய்க்கும், எந்த ஈரத்தில் ஏர் கட்டலாம், எந்தப் புல் தலைகாட்டினால் எந்த வெள்ளாமை தப்பும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது சொலவடையாகவும் விடுகதையாகவும் கதையாகவும் வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. வருடத்தில் பல மாதங்கள் காட்டில் வேலை இருக்காது. பேச்சுக்கு நேரம் இருந்தது. பெருங்கோவில்களும் மடங்களும் சூழ்ந்த ஆற்றங்கரை ஊர்களில் புலவர் மரபும் ஏடும் செழித்தன. கரிசலில் செழித்தது வாய்மொழி. கி.ரா.வின் இலக்கியம் அந்தச் சூழலின் நேரடி விளைச்சல்.

இதே மண்ணில் எட்டயபுரத்தில்தான் பாரதி பிறந்தார். ஆனால் பாரதியின் உரைநடையில் கரிசல் வெள்ளாமையின் பேச்சைக் காண முடியாது. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊக்கம் தந்த மூன்று பள்ளிகள்

கி.ரா. 1922இல், தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். முழுப்பெயர் ராயங்கல ஸ்ரீகிருஷ்ண ராஜநாராயணப் பெருமாள் ராமானுஜம். நோஞ்சான் உடம்பு; இளமையிலேயே காசநோய் தாக்கியது. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்துவைக்கவில்லை. அவரை உருவாக்கியவை வேறு மூன்று பள்ளிகள்.

முதல் பள்ளி நட்பு. அதே இடைசெவலில், ஏறக்குறைய அதே வயதில், கு. அழகிரிசாமி இருந்தார். ஒரு சிற்றூர் ஒரே தலைமுறையில் இரண்டு பெரும் கதைக்காரர்களைத் தந்தது தமிழ் இலக்கிய வரலாற்றில் அபூர்வமான நிகழ்ச்சி. இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து பாட்டுக் கேட்டார்கள், சேர்ந்து கட்சிப் பணி செய்தார்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். பின்னர் மலேயா சென்று ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றினார். கி.ரா. ஊரிலேயே தங்கினார். இந்தப் பிரிவு கடிதங்களை உண்டாக்கியது. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்தன. எதிரே நண்பன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசும் கடித நடையில்தான் கி.ரா.வின் கை பழகியது. அவருடைய கதைசொல்லி எப்போதும் யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசுவதற்கும், புகழ்பெற்ற அவருடைய தொடருக்கு ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்று பெயர் அமைந்ததற்கும் வேர் இங்கே இருக்கிறது.

இரண்டாவது பள்ளி இசையும் ரசனையும். கி.ரா.வுக்கு இளமையில் எழுத்தைவிடச் சங்கீதத்தில்தான் நாட்டம். விளாத்திகுளம் சுவாமிகள் என்று அழைக்கப்பட்ட நல்லப்ப சுவாமிகளின் ராக ஆலாபனையில் நண்பர்கள் இருவரும் தோய்ந்து கிடந்தார்கள். நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்ததும் கோவில்பட்டியில்தான். இன்னொரு பக்கம் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் தொடர்பு. கவிதையைக் கண்ணால் படிக்கக் கூடாது, வாய்விட்டுச் சொல்லிக் காதால் அனுபவிக்க வேண்டும் என்பதைத் தன் வாழ்க்கை முறையாகவே வைத்திருந்தவர் டி.கே.சி. பேச்சுத் தமிழின் மீது அவருக்கு இருந்த மதிப்பு கி.ரா.வுக்குத் தன் ஊர்ப் பேச்சின் மீதே நம்பிக்கை கொடுத்தது.

மூன்றாவது பள்ளி பொதுவுடைமை இயக்கம். விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டதற்காக 1947க்கும் 1951க்கும் இடையில் கி.ரா. இரண்டு முறை சிறை சென்றார். கட்சி அவருக்குப் பல ஊர்களின் சம்சாரிகளையும் கூலிக்காரர்களையும் அறிமுகப்படுத்தியது. வறுமைக்குக் காரணம் விதி என்று நினைக்காத பார்வையையும் கொடுத்தது. ‘சரஸ்வதி’, ‘தாமரை’ போன்ற முற்போக்கு இதழ்கள் அவருக்குக் களம் கொடுத்தன. ஆனால் கட்சியின் முழக்கத்தை அவர் கதைக்குள் கொண்டுவந்ததில்லை. ‘கதவு’ கதை இதற்குச் சரியான சான்று.

கேட்டதும் எழுதியதும்

‘கதவு’ கதையில் தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவைத் தலையாரி கழற்றிக்கொண்டு போகிறார். அதுவரை அந்தக் கதவு குழந்தைகளுக்குப் பஸ். அதில் ஏறி ஆடுவதும் டிக்கட் கொடுப்பதுமாகத் தெருப் பிள்ளைகள் எல்லாம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கதவு போனபின் கார்த்திகை மாதத்து வாடைக்காற்று வீட்டுக்குள் புகுந்து கைக்குழந்தையைக் கொண்டுபோகிறது. வரிக் கொடுமையைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேறொரு நாள் சாவடிப் பக்கம் தங்கள் கதவைக் கண்டுகொள்ளும் பிள்ளைகளின் சந்தோஷத்தைத்தான் சொல்கிறார். கோபம் முழுவதும் வாசகருக்கு வந்து சேர்கிறது. கிராமத்தில் துக்கக் கதை சொல்கிறவர்கள் தாங்கள் அழுவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுக் கேட்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சொல்முறைதான் இது.

‘கன்னிமை’ கதையில் ஒரே பெண்ணை முதலில் அவள் தம்பி சொல்கிறான், பிறகு அவள் கணவன் சொல்கிறான். பிறந்த வீட்டில் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தவள் புகுந்த வீட்டில் கணக்குப் பார்ப்பவளாக மாறிப்போவதை இரண்டு குரல்கள் வழியாகவே காட்டிவிடுகிறார். ‘கோமதி’ கதையில் பெண்மனம் கொண்ட ஓர் ஆணை, சமூகம் கேலிக்குரியவராக மட்டுமே பார்த்த காலத்தில், அவருடைய ஆசையையும் ஏமாற்றத்தையும் மதித்து எழுதினார். ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடிக் காடெல்லாம் அலையும் சிறுவனின் கண்வழியே கரிசலின் உயிரினங்கள் அனைத்தையும் பதிவு செய்தார். ‘கிடை’ குறுநாவலில் ஆட்டுக்கிடையின் நடைமுறைகளை ஓர் ஆய்வாளரின் நுணுக்கத்தோடு விவரித்துக்கொண்டே, சாதியால் கைவிடப்படும் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணின் காதலைச் சொன்னார். அம்ஷன் குமார் 2003இல் இதை ‘ஒருத்தி’ என்ற திரைப்படமாக எடுத்தார்.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக 1976இல் வந்தது ‘கோபல்ல கிராமம்’. ஆந்திரப் பகுதியிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காக இரவோடு இரவாகத் தப்பித் தெற்கே வந்த கம்மவார் குடும்பங்கள் காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊர் அமைத்த கதை. அதைச் சொல்கிறவர் 137 வயதான மங்கத்தாயாரு அம்மாள் என்ற பாட்டி. பிரிட்டிஷ் கம்பெனி ஆட்சி போய் விக்டோரியா மகாராணி ஆட்சி வரும் காலத்தில் நாவல் முடிகிறது. தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ ஊரை இந்திய விடுதலைக் காலம்வரை கொண்டுவருகிறது. 1991ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது இதற்குக் கிடைத்தது. ‘அந்தமான் நாயக்கர்’ மூன்றாவது பகுதி.

இந்த நாவல்களுக்கு ஒரு கதாநாயகன் கிடையாது; சீராக ஏறி இறங்கும் கதைப்பின்னலும் கிடையாது. நாவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மேற்கத்திய இலக்கணம் பயின்றவர்கள் இதைக் குறையாகச் சொன்னதுண்டு. அந்தக் குறை உண்மையில் ஒரு தேர்வு. ஓர் ஊரின் நினைவு, ஆட்களின் பெயரையும் பட்டப்பெயரையும் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தான் நகரும். மரம் வளைந்து ஆற்றைக் கடக்க உதவிய அற்புதமும், வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து வெள்ளாமையைத் தின்ற நிகழ்ச்சியும் அந்த நினைவில் ஒரே தட்டில்தான் வைக்கப்பட்டிருக்கும். அந்த நினைவின் அமைப்பையே கி.ரா. நாவலின் அமைப்பாக ஆக்கினார்.

மொழியிலும் அவர் ஒரு படி முன்னே போனார். வட்டாரப் பேச்சு தமிழ்க் கதைகளுக்கு அவரால் வந்ததன்று. புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை எழுதினார், ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சைக் கொண்டுவந்தார். ஆனால் அங்கெல்லாம் வட்டார வழக்கு பெரும்பாலும் பாத்திரங்களின் வாயில் இருந்தது. கதை சொல்லும் ஆசிரியர் பொதுத்தமிழில் விலகி நின்றார். கி.ரா. அந்த வேலியை எடுத்துவிட்டார். விவரிப்பும், வருணனையும், ஆசிரியரின் சிந்தனையும் கரிசல் தமிழிலேயே நடந்தன. படிக்காதவர்களின் பேச்சு வேடிக்கைக்குரியது என்ற நெடுங்கால எண்ணம் இதனால் உடைந்தது.

ஒரு சம்சாரி செய்த அகராதி

1982இல் கி.ரா. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். ஒரு வட்டாரத்தின் பேச்சு வழக்குக்கென்றே எழுத்தாளர் ஒருவர் முன்னின்று தொகுத்த அகராதி என்ற வகையில் தமிழில் அது முன்னோடி. பல்கலைக்கழக மொழியியல் துறைகள் செய்திருக்க வேண்டிய பணியை எட்டாம் வகுப்பைத் தாண்டாத விவசாயி செய்தார்.

அதன் தேவையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்ளலாம். மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கமலைக்குக் கூனை, தோல் வால், வடம், உருளை என ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் உண்டு. மாடு பின்வாங்கும் நடைக்கும் இறைப்பவரின் பாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. கிராமங்களுக்கு மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும், ஒரே தலைமுறைக்குள் கமலை மறைந்தது. கருவியோடு சேர்ந்து அதன் சொற்களும், அந்தச் சொற்களில் இருந்த உவமைகளும் பழமொழிகளும் வழக்கிழந்தன. உழவு, மாடு, வண்டி, தானியம், கிடை, வீடு கட்டுதல், சமையல் என ஒவ்வொரு துறையிலும் இதுதான் நடந்துகொண்டிருந்தது. கி.ரா. அகராதி வேலையில் இறங்கியது டிராக்டரும் பம்புசெட்டும் பரவிக்கொண்டிருந்த, பழைய சொற்களை அறிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்த சரியான தருணத்தில். இருபது ஆண்டுகள் பிந்தியிருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.

இந்த முயற்சி வழி காட்டியது. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் பின்னர் சொல்லகராதிகள் செய்தார்கள். இருவரும் தங்கள் மண்ணை எழுதிய நாவலாசிரியர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தமிழில் வட்டார அகராதிப் பணி படைப்பாளிகளின் கடமையாக மாறியதற்குத் தொடக்கப்புள்ளி இடைசெவல்.

புதுவைக் காலம்

1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் கி.ரா.வை நாட்டுப்புறவியல் சிறப்புப் பேராசிரியராக அழைத்தது. பட்டம் இல்லாத ஒருவரை வகுப்பறைக்கு அழைத்த அந்த முடிவு தமிழ்க் கல்வி வரலாற்றில் பாராட்டப்பட வேண்டியது. மாணவர்களை அவர் தங்கள் சொந்த ஊர்களுக்கு அனுப்பிக் கதை கேட்டு வரச் செய்தார். ‘கதைசொல்லி’ என்ற இதழை நடத்தினார். கழனியூரன் போன்ற களப்பணியாளர்கள் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பல ஆண்டுத் தொகுப்பின் பெரும்பகுதி ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ என்ற தலைப்பில் 2007இல் 900 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வந்தது.

இந்தத் தொகுப்பில் அவர் காட்டிய நேர்மை முக்கியமானது. நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தவர்கள் பெரும்பாலும் பாலியல் கதைகளை ஒதுக்கிவிட்டார்கள். கி.ரா. அவற்றையும் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற தலைப்பில் தனி நூலாகவே வெளியிட்டார். கண்டனங்கள் வந்தன, அவர் பின்வாங்கவில்லை. மக்கள் சொல்வதில் நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு மக்கள் இலக்கியம் என்று பெயர் வைப்பது ஏமாற்று என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் ஒரு தேர்வு 2009இல் ப்ரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்து தமிழ் அறியாத வாசகரையும் சென்றடைந்தது.

தொண்ணூறு வயதைக் கடந்தும் அவர் எழுதினார். ‘அண்டரண்டப் பட்சி’ என்ற படைப்பு அவருடைய கையெழுத்திலேயே நூலாக வந்தது. ‘மிச்சக் கதைகள்’ 2021இல் வெளிவந்தது.

எல்லையும் தொடர்ச்சியும்

ஓர் ஆய்வு பாராட்டோடு நின்றுவிடக் கூடாது. கி.ரா. காட்டிய கரிசல் முழுக் கரிசலா என்ற கேள்வி நியாயமானது. கோபல்ல கிராமத்தின் வரலாறு, நிலத்தைத் திருத்தி உடைமையாக்கிக்கொண்ட ஒரு சமூகத்தின் வரலாறு. அந்த நிலத்தில் உழைத்தவர்கள், ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள் அதில் வந்துபோகிறார்கள். ஆனால் நினைவு அவர்களுடையதாக இல்லை. ‘கிடை’ போன்ற படைப்புகள் அந்த அநீதியைக் கண்டன. இருந்தாலும் காணும் கண் மேட்டில்தான் இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் அதே மண்ணிலிருந்து வந்தார்கள். பூமணியின் ‘பிறகு’ நாவல் 1979இல் வந்தது. கரிசல் கிராமத்தை அருந்ததியர் குடும்பம் ஒன்றின் வாழ்விலிருந்து அது சொன்னது. உருளைக்குடி கண்மாயின் அழிவை வைத்து ஒரு கிராமத்தின் சீர்குலைவைச் சொன்னது சோ. தர்மனின் ‘சூல்’. பா. ஜெயப்பிரகாசம், வீர. வேலுச்சாமி, மேலாண்மை பொன்னுச்சாமி, ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, எஸ். ராமகிருஷ்ணன் என்று வரிசை நீள்கிறது. இவர்களில் பலர் கி.ரா.விடமிருந்து நடையிலும் அரசியலிலும் மாறுபட்டவர்கள். ஆனால் தன் ஊரின் பேச்சே இலக்கியத்துக்குப் போதும் என்ற துணிவை அவர்களுக்கு முன்னால் நிறுவிக் காட்டியவர் அவர்தான். கு. அழகிரிசாமி (1970), கி.ரா. (1991), மேலாண்மை பொன்னுச்சாமி (2008), பூமணி (2014), எஸ். ராமகிருஷ்ணன் (2018), சோ. தர்மன் (2019) என ஆறு சாகித்ய அகாதமி விருதுகள் இந்த வறண்ட நிலப்பரப்புக்குப் போயிருக்கின்றன. தன் பார்வையின் எல்லையைத் தாண்டிச் செல்லும் பாதையையும் சேர்த்தே திறந்துவிட்டது என்பது ஓர் எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த சான்று.

நாம் செய்ய வேண்டியது

கி.ரா.வுக்கு இன்று கோவில்பட்டியில் நினைவகம் இருக்கிறது. அது தகுந்த மரியாதை. அவர் விட்டுச்சென்ற வேலைக்கு அது போதாது. காவிரிப் படுகையின் பாசனச் சொற்கள், பழவேற்காடு முதல் குமரி வரையிலான மீனவர் மொழி, தறிக்காரர்களின், உப்பளத் தொழிலாளர்களின், மலைவாழ் மக்களின் வழக்குகள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. தமிழ் முதுகலை பயிலும் ஒவ்வொரு மாணவரும் தன் ஊரின் ஒரு தொழிலின் சொற்களையும் கதைகளையும் தொகுத்துத் தருவதைப் பாடத்தின் பகுதியாகப் பல்கலைக்கழகங்கள் ஆக்க வேண்டும். அரசு அவற்றைச் சேர்த்து எல்லோருக்கும் திறந்த களஞ்சியமாக வைக்க வேண்டும்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். கருவிகளின் பெயரைக் கேளுங்கள்; அவருக்குச் சொல்லப்பட்ட கதைகளைக் கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல் அப்படியே பதிவு செய்யுங்கள். கி.ரா. செய்தது இதுதான், அவர் அதைக் கலையாகவும் ஆக்கினார். கலையாக்குவது எல்லோருக்கும் கைவராது. கேட்டு எழுதிவைப்பது எல்லோராலும் முடியும். அதை இந்தத் தலைமுறை செய்தாக வேண்டும்.